கோல்கீப்பரின் ஆட்சேபணை

மேனேஜர் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால் அது அண்ணன் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தம்பிக்குத் தெரியும். இரண்டே கால் வருஷமாக அந்தக் கால்பந்துக் கிளப்பில் எல்லோரும் அவனிடம் இரண்டு குரல் வைத்திருந்தார்கள். ஒன்று பந்தைப் பற்றிப் பேச, இன்னொன்று அண்ணனைப் பற்றிப் பேச. அன்றைக்கு மேனேஜர் அறைக்கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் கொடுத்தபோது, தம்பி குடிக்காமல் அதைத் தரையில் வைத்தான்.

நெட்டை சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

தம்பிக்கு வயது முப்பத்தொன்று. அவனைவிடப் பத்து வயது சின்னவர்கள்கூட அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் கிளப்பில் சேர்ந்தபோது அவனுடைய அண்ணன் ஏற்கெனவே அங்கே தடுப்பாட்டக்காரன். அதனால் இவன் தம்பி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அண்ணன் இருந்த காலத்தில் நெட்டைதான் அணியின் முதல் கோல்கீப்பர். நின்ற இடத்தில் நின்றபடியே குறுக்குக் கம்பியைத் தொடுகிற உயரம். தம்பி அவனுக்கு மாற்று. மைதானத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கொஞ்சம் வழி உண்டு. ஓடுகிறவன் களைத்தால் உட்கார்ந்திருக்கிறவன் இறங்குவான். கோலுக்கு முன்னால் நிற்பது மட்டும் ஒற்றை ஆள் வேலை. நிற்கிறவனுக்கு ஏதாவது ஆனால்தான் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வாழ்வு. அப்படி நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தான். நெட்டை தும்மினால்கூட இவன் ஷூவைக் கட்ட ஆரம்பித்துவிடுவான் என்று அண்ணனே கேலி செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான்.

ஒரு பெரிய ஆட்டத்தில் ஜெயித்த மறுநாள் கேப்டன் வீட்டில் மதிய விருந்து. தம்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். விளையாடாமல் ஜெயித்த ஆட்டத்துக்கு விருந்து சாப்பிடப் பிடிக்காமல், தலைவலி என்று சொல்லி அவன் போகவில்லை. அண்ணனும் நெட்டையும் ஒரே காரில் போனார்கள். திரும்பும்போது நெட்டை குடித்திருந்தான், அவன்தான் ஓட்டினான். வெயில்கூட இறங்கவில்லை. சாலையோரம் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கத்தில் கார் போய் நுழைந்தது. அண்ணன் அங்கேயே போய்விட்டான். நெட்டைக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் அவன் வக்கீலைப் பேசவிடவில்லை. குடித்திருந்தேன், நான்தான் ஓட்டினேன் என்று சொல்லி மூன்று வருஷத்தை வாங்கிக்கொண்டு போனான். நன்னடத்தைக்காக இப்போது ஒன்பது மாதம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள்.

அண்ணன் இறந்த பத்தாம் நாள் தம்பி கையில் கறுப்புப் பட்டையோடு கோலுக்கு முன்னால் நின்றான். அன்றையிலிருந்து அந்த இடம் அவனுடையதுதான். நன்றாகவும் விளையாடினான். ஒரு விஷயத்தை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனைக் கிடத்தியிருந்த கூடத்தில், அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தபோது, 'இனிமேல் நான்தான் கோல்கீப்பர்' என்று ஒரு நினைப்பு ஈ மாதிரி வந்து உட்கார்ந்தது. கையை வீசித் துரத்தினான். அது போய்விட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

மேனேஜர் விவரம் சொன்னார். தண்டனை முடித்து வந்தவனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று லீக்கில் விதி இல்லை. ஆனால் ஓர் உயிர் போயிருப்பதால், இறந்தவரின் மனைவியும் உடன்பிறந்தவரும் ஆட்சேபணை உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நாள் அவகாசம். அதுவரை நெட்டை பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்துக்குப் பதிவு கிடையாது. அண்ணி நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டாராம், ஆட்சேபணை இல்லை என்று.

"உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அத எழுதுங்க தம்பி" என்றார் மேனேஜர். "நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான். ஏன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அந்தக் கடைசி வார்த்தைதான் அவன் கூடவே நடந்து வந்தது.

நெட்டை பயிற்சிக்கு வந்த முதல் நாள் யாருக்கும் கையைக் காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிலர் கைகுலுக்கினார்கள். சிலருக்குத் திடீரென்று ஷூவில் வேலை வந்துவிட்டது. கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் ஒரு பழைய ஆள். பந்து பட்டுப் பட்டு விரலெல்லாம் திசைக்கொன்றாகத் திரும்பியிருக்கும், அதனால் அவர் பெயரே கோணவிரல். அவர் நெட்டைக்கும் தம்பிக்கும் நடுவில், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கல்யாணத் தரகர் மாதிரி நின்றார். நெட்டை நேராக வந்து தம்பியின் எதிரில் நின்றான். "தம்பி..." என்றான். தம்பி தலையை மட்டும் அசைத்துவிட்டு, வலையைச் சரிசெய்யப் போனான். வலை சரியாகத்தான் இருந்தது.

சிறையில் இருந்தவன் ஊதிப்போய், தளர்ந்து வருவான் என்று தம்பி எதிர்பார்த்திருந்தான். ஆசைப்பட்டிருந்தான் என்று சொன்னாலும் தவறில்லை. நெட்டையோ இளைத்து, இன்னும் நீண்டு, கண்ணுக்கு முன்பைவிட லட்சணமாக இருந்தான். 'ஜெயில் சாப்பாடு எல்லாருக்கும் ஒத்துக்கறதில்ல, இவனுக்கு மட்டும் டானிக் குடிச்ச மாதிரி ஆயிருக்கு' என்று தம்பி மனதுக்குள் பொருமினான். முதல் இரண்டு நாள் நெட்டையின் கைகள் மறந்துபோனவை மாதிரி தடுமாறின. பந்து நழுவும் ஒவ்வொரு முறையும் தம்பிக்குத் தொண்டையில் சர்க்கரைத் தண்ணீர் இறங்கிற்று. மூன்றாம் நாள் நழுவுவது குறைந்தது. ஐந்தாம் நாள் நின்றுவிட்டது.

அன்று மூலையிலிருந்து பந்தை உயர்த்தி அடிக்கிற பயிற்சி. அப்படிப் பந்து வரும்போது கோல்கீப்பர் 'விடு' என்று ஒரு சத்தம் கொடுப்பான். நான் பிடிக்கிறேன், நீங்கள் யாரும் தொடாதீர்கள் என்று அர்த்தம். தடுப்பாட்டக்காரர்கள் குனிந்து ஒதுங்கிவிட வேண்டும். தம்பி சத்தம் கொடுத்தால் ஒதுங்குவார்கள், ஆனால் அதற்கு முன் ஒரு பார்வை திரும்பிப் பார்ப்பார்கள். கண் இமைக்கிற நேரம்தான். அன்றைக்கு நெட்டை கோலில் நின்று 'விடு' என்றான். அவனோடு ஒரு ஆட்டமும் ஆடியிராத புதுப் பையன்கள்கூடத் திரும்பிப் பார்க்காமல் குனிந்தார்கள். பந்து அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

அண்ணன் ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் நெட்டையின் தோளில் கை போட்டுச் சொன்னான்: "இவன் பின்னாடி நின்னா நான் திரும்பியே பாக்க மாட்டேன்." தம்பி அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். பயிற்சி ஆட்டங்களில் அண்ணனுக்குப் பின்னால் தம்பி நிற்கும் நாள்கள் உண்டு. ஒரே வீட்டில், ஒரே அறையில், ஒரே போர்வைக்குள் வளர்ந்தவன். ஒவ்வொரு பந்துக்கும் அண்ணனின் கழுத்து திரும்பும். தம்பி அதை எண்ணியே வைத்திருந்தான். ஒருநாள் பதினேழு தடவை.

அன்று பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போடும்போது கோணவிரல் பேச்சுவாக்கில் இன்னொன்றைச் சொன்னார். அண்ணி மாதாமாதம் சிறைக்குப் போய் நெட்டையைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். தம்பிக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். தம்பி பையின் நாடாவை இழுத்துக் கட்டினான். இடத்தை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான், சரி. அண்ணனின் நம்பிக்கையை அப்போதே எடுத்துக்கொண்டான். அண்ணியுமா? தன் வீட்டிலிருந்து இன்னும் என்னதான் பாக்கி என்று நினைத்தபோது, தான் கோபப்படுகிறோமா பொறாமைப்படுகிறோமா என்றே அவனுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க ஆசையும் இல்லை.

எட்டாம் நாள், உடை மாற்றும் அறையில் யாரும் இல்லாத நேரம், பெஞ்சின் மேல் படிவத்தை விரித்து எழுதினான். 'உண்டு / இல்லை' என்று இருந்ததில் 'இல்லை'யைக் கோடு போட்டு அடித்தான். காரணம் கேட்டிருந்த இடத்தில், என் உடன்பிறந்த அண்ணனின் சாவுக்குக் காரணமானவரோடு ஒரே மைதானத்தில் நிற்க என் மனம் ஒப்பவில்லை என்று எழுதினான். எழுதியதைப் படித்தபோது அவனுக்கே நெஞ்சை அடைத்தது. பொய்யும் இல்லையே என்று தோன்றியது. மிச்சம் இருந்த வரிகளை மளமளவென்று நிரப்பி, உறையில் போட்டு, அலுவலகத் தட்டில் வைத்துவிட்டு வந்தான். பெனால்டியைத் தடுத்தவன் மாதிரி நடை லேசாக இருந்தது.

அவன் மறந்துபோனது ஒன்று. அலுவலகத்தில் வருகிற காகிதம் எதுவாக இருந்தாலும் முதலில் அண்ணி கைக்குத்தான் போகும். அண்ணன் இறந்த பிறகு கிளப் அவளுக்குக் கொடுத்த வேலை அது.

மறுநாள் மத்தியானம் அண்ணி ஆள் அனுப்பினாள். பழைய கோப்பைகளும் ஜெராக்ஸ் மெஷினும் இருக்கிற சின்ன அறை. அவள் கதவைச் சாத்தவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

"உக்காருங்க தம்பி. இதுல ஒரு திருத்தம் இருக்கு."

படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். காரணம் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், படித்து எனக்கே கண் கலங்கிவிட்டது, கீழே பாருங்கள் என்றாள். கீழே மூன்று வரிகள். தேதி சரியாக இருந்தது. கையொப்பம் சரியாக இருந்தது. 'இடம்' என்ற சொல்லுக்கு எதிரே அவனுடைய கையெழுத்தில், சிறு பிழையும் இல்லாமல், 'கோல்கீப்பர்' என்று இருந்தது.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் உடை மாற்றும் அறையில் ஒரு தாள் சுற்றிவரும். எண், பெயர், இடம், கையொப்பம். இடம் என்றால் யார் எங்கே நின்று ஆடுகிறார் என்பது. நான்கு வருஷம் அவன் அதில் 'மாற்று' என்று எழுதினான். இரண்டே கால் வருஷமாக 'கோல்கீப்பர்' என்று எழுதுகிறான், ஒரு தடவைகூட அலுக்காமல். அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதில், இடம் என்று பார்த்ததும் கை அவனைக் கேட்காமல் எழுதிவிட்டது.

"பழக்கதோஷம் அண்ணி" என்றான். "குடுங்க, அடிச்சுட்டு ஊர்ப் பேரை எழுதிடறேன்."

அவள் தாளைக் கொடுக்கவில்லை.

"காரணம் கேட்ட எடத்துல ஒரு கதை எழுதிட்டு, இடம் கேட்ட எடத்துல காரணத்த எழுதியிருக்கீங்க."

தம்பிக்குக் காதுமடல் சூடாயிற்று. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம் வந்தது. நீங்கள் மட்டும் என்ன என்று ஆரம்பித்தான். மாதாமாதம் போய்ப் பார்த்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரோ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றான். "எங்க அண்ணனக் கொன்னவன் அவன்" என்று முடித்தான்.

"உனக்கு அண்ணன். எனக்கு யாரு?"

அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெராக்ஸ் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் பேசினாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் தடவை போனது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரத்தான். கேட்டும்விட்டாள். வீட்டுக்கு வந்தால் தூக்கம் இல்லை. கேப்டன் வீட்டிலிருந்து அந்த லாரி வரைக்கும் அரைமணி நேர ஓட்டம். தன் புருஷனின் கடைசி அரைமணி நேரம் அது, அவளிடம் இல்லை, நெட்டையிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் என்ன பேசினார், சிரித்தாரா, தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்பதெல்லாம் அந்தப் பாவிக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது என்றாள். அதைப் பிடுங்கிக்கொண்டு வரத்தான் மறுபடி போனாள். மூன்று மாதம் அவன் அழுதானே தவிர வாயைத் திறக்கவில்லை. நான்காம் மாதம் சொன்னான்.

"தூங்கிட்டு வந்தாராம்" என்றாள் அண்ணி. "சீட்ட சாச்சுகிட்டு, வீடு வந்ததும் எழுப்புடான்னு சொல்லிட்டுத் தூங்கிட்டாராம். அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல தம்பி."

தம்பி குனிந்துகொண்டான். அண்ணன் காரில் ஏறினால் எப்படித் தூங்குவான் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை ஜன்னல் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு. எத்தனையோ பயணங்களில் அந்தத் தலை இவன் தோளில் சாய்ந்திருக்கிறது.

தெரிந்துகொண்ட பிறகும் ஏன் போனீர்கள் என்று கேட்டான்.

"அவரப் பத்திப் பேச வேற யாரு இருக்கா எனக்கு? உங்ககிட்ட பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவீங்க."

அது உண்மை. அண்ணன் பேச்சு வந்தாலே அவன் எழுந்து போய்விடுவான். துக்கம் தாங்காமல் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஈ எங்கே வந்து உட்கார்ந்துவிடுமோ என்று பயந்து போகிறான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. கூடத்தில் நடந்ததை, அண்ணனுக்கு முன்னால் உட்கார்ந்து தான் நினைத்ததை, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னான். சாப்பாட்டு மேசையில் அண்ணன் சொன்னதையும் சொன்னான். பதினேழு தடவை எண்ணியதைக்கூடச் சொன்னான்.

"பொறாமைதான் அண்ணி. அவன் குடிக்கறதுக்கு முன்னாடியிருந்தே."

பதினேழா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றான். "என்கூட வண்டியில வந்தாலும் அவருக்குக் கழுத்து நிக்காது. நான் ஓட்டினா ரோட்டுல வர்ற அத்தன வண்டியையும் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. சொந்த ஆளுங்க மேல அவருக்கு நம்பிக்கை அவ்வளவுதான்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவனை மன்னித்துவிட்டீர்களா என்று தம்பி கேட்டான்.

"இல்ல. படிவத்துல அதக் கேக்கல. அவன் பந்து பிடிக்கறதுல ஆட்சேபணை இருக்கான்னுதான் கேட்டிருக்காங்க. அதுல எனக்கு என்ன?" இழுப்பறையைத் திறந்து வேறொரு படிவத்தை எடுத்து வைத்தாள். "உண்டுன்னாலும் எழுதுங்க, இல்லன்னாலும் எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவர் பேர மட்டும் இழுக்காதீங்க."

அவள் வெளியே போய்விட்டாள். தம்பி பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'உண்டு' என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். என்னைவிட அவன் நன்றாகப் பிடிக்கிறான் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. அதை எழுதினால் ஊர் சிரிக்கும். ஆனால் பழைய தாள் இன்னும் மேசையில்தான் இருந்தது. ஒரு வரியை அடித்து, ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் போதும், அதுவே செல்லும். அண்ணி சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டாள். அவன் இடம் அவனிடமே இருக்கும். அந்தத் தாளைக் கையில் எடுத்தான், காரணத்தைத் திரும்பப் படித்தான். நேற்று நெஞ்சை அடைத்த வரி இன்றைக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து கோலுக்கு முன்னால் காவலுக்கு நிறுத்தியது போல இருந்தது. அதைக் கிழித்துக் கூடையில் போட்டான். புதுத் தாளில் 'உண்டு' என்பதை அடித்து, காரணத்துக்கு ஒரு கோடு போட்டு, மற்றதை ஒவ்வொரு சொல்லாக வாசித்து நிரப்பினான்.

மறுநாள் காலை மைதானத்தில் பனி உலரும் முன்பே நெட்டை வந்து கையுறைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். தம்பி பக்கத்தில் போய் நின்றான். முதலில் ஆட்சேபணை என்று எழுதினேன், பிறகு மாற்றினேன் என்றான். அண்ணனுக்காக எழுதவில்லை, எனக்காகத்தான் என்றும் சொன்னான்.

"தெரியும்" என்றான் நெட்டை.

"எப்படித் தெரியும்?"

"நானும் கோல்கீப்பர்தானே. நானா இருந்தா மாத்தி எழுதியிருக்க மாட்டேன்."

தம்பிக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. "அண்ணன் விஷயம் அப்படியேதான் இருக்கு" என்றான். "அது தீராது."

"தீர வேணாம்" என்றான் நெட்டை. அவன் தம்பியைப் பார்க்கவில்லை. கையுறைப் பட்டையை இழுத்து ஒட்டினான், பிரித்தான், மறுபடி ஒட்டினான்.

அதற்குப் பிறகு அவர்கள் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. பயிற்சியில் ஒருவன் அடிப்பான், ஒருவன் பிடிப்பான். தம்பி அந்த லீக் பருவத்தில் உயிரைக் கொடுத்து ஆடினான். பின்னால் ஒருவன் கையுறையோடு உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பே அவனை இன்னும் ஒரு முழம் தாவ வைத்தது. பத்து ஆட்டம் தாக்குப்பிடித்தான். பதினோராவது ஆட்டத்தில் கால்களுக்கு நடுவே ஒரு பந்தை விட்டான், பன்னிரண்டில் இன்னொன்று. பதின்மூன்றாவது ஆட்டத்துக்கு மேனேஜர் நெட்டையை நிறுத்தினார்.

தம்பி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அரங்கில் சிலர் நெட்டையைப் பார்த்துக் கூவினார்கள், கொலைகாரன் என்றுகூட ஒரு குரல் வந்தது. நெட்டை தலையைத் திருப்பவில்லை. இருபதாம் நிமிஷம் ஒரு பந்தை, யாருக்கும் எட்டாத மூலையிலிருந்து, விரல்நுனியால் தட்டி வெளியே தள்ளினான். பெஞ்சில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தம்பி எழுந்திருக்கவில்லை. வயிற்றுக்குள் பழைய நெருப்பு, அதே சூட்டில், நின்று எரிந்தது.

கோணவிரல் மெல்ல அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, தோளில் கையை வைத்து, குரலைத் தாழ்த்தினார். அவன அங்க பாக்கறப்ப உங்களுக்கு அண்ணன் ஞாபகம் வரும், புரியுது தம்பி, வேணும்னா உள்ள போய்க் கொஞ்ச நேரம் இருங்க என்றார்.

"அண்ணன் ஞாபகம் வீட்டுக்குப் போனா வரும்" என்றான் தம்பி. "இது வெறும் பொறாமை. நல்லாப் பிடிக்கறான், கண்றாவி."

கோணவிரல் கையை எடுத்துக்கொண்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, தன் கோணல் விரல்களைப் பார்த்துக்கொண்டே, எனக்கும் அந்த வயசுல ஒருத்தன் இருந்தான், அவன் கால் உடையணும்னு கோயில் குளமெல்லாம் வேண்டிக்கிட்டேன் என்று சாதாரணக் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தார். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.